முள்ளம்பன்றி மூட்டிய நெருப்பு

கோடை முடியும்வரை காட்டில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. அது தெரியாமல் கூடாரம் போட்டுத் தங்க வந்த முள்ளம்பன்றிக் குடும்பம் சாயங்காலமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

“நெருப்பு இல்லாம பொழுத எப்படி ஓட்டுறது?” என்றது அம்மா.

“இருக்குன்னு வச்சுக்குவோம்,” என்றது அப்பா.

வெறுந்தரையைச் சுற்றி மூன்றும் உட்கார்ந்தன. அம்மா குனிந்து ஊதியது. “புகை என் பக்கமே வருது!” என்று அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு இடம் மாறியது. குட்டி தன் முதுகு முள்ளில் ஒரு கிழங்கைக் குத்திக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து வாட்டியது.

புகை என்ற சத்தம் கேட்டுக் காவல் யானை ஓடி வந்தது.

“யாரைக் கேட்டு மூட்டுனீங்க?”

“சும்மா விளையாட்டு சார். நீங்களே தொட்டுப் பாருங்க,” என்றது அப்பா.

யானை துதிக்கையை நீட்டியது.

“ஐயோ, சுட்டுடும்!” என்று குட்டி கத்தியது. யானை வெடுக்கென்று துதிக்கையை இழுத்து, நுனியை ஊதிக்கொண்டது. பிறகு வெட்கப்பட்டுப் போய்விட்டது.

பாதி வழியில் அதற்கு மனசு கேட்கவில்லை. ஓடைக்குப் போய்த் துதிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, நடுவில் சளாரென்று ஊற்றியது.

“காத்து பலமா அடிக்குது. பொறி பறந்தா யாரு பதில் சொல்றது?”

மூன்றும் தொப்பலாக நனைந்தன. குட்டி கிழங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது.

“பாதிதான் வெந்திருக்கு!”

யானை சங்கடத்தோடு நெளிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

“அழாத கண்ணு. மறுபடி மூட்டிக்க. ஆனா சின்னதா மூட்டு.”