புயல் திரும்பும் இடம்

“நாளைக்கு ஸ்நோ அஞ்சில இருந்து முப்பது சென்ரிமீற்றராம்! இது ஒரு கணிப்பே? இதைச் சொல்லுறதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்கள்!”

குணசேகரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு றிமோட்டைச் சோபாவில் எறிந்தார்.

“எனக்கு அப்பிடி ஒரு வேலை கிடைச்சா, ‘நாளைக்கு வெய்யில் எறிக்கும், இல்லாட்டி எறிக்காது’ எண்டு சொல்லிப்போட்டு நாள் முழுக்கப் படுத்திருப்பன்,” என்றார் நித்தியானந்தன்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை மத்தியானமானால் குணசேகரத்தின் சாப்பாட்டு மேசையில் ஐரோப்பிய வரைபடம் விரியும். நித்தியானந்தனுக்குச் சிவப்புப் பென்சில், குணசேகரத்துக்கு நீலம். காற்றும் பனியும் அம்புக்குறிகளாகப் பாயும். டென்மார்க், நோர்வே, ஜேர்மனி என்று எல்லா நாட்டுக் கணிப்புகளையும் படித்துவிட்டு, எல்லாரும் முட்டாள்கள் என்று முடிப்பார்கள்.

“நோர்வேக்காரன் பத்து எண்டுறான்.”

“அவனுக்கு மீனைப் பற்றித்தான் தெரியும். ஸ்நோவைப் பற்றி என்ன தெரியும்?”

தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்த செல்வமலர், கணவன் குணசேகரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணை, நாளை மத்தியானம் பிள்ளை கொப்பன்ஹேகனில இறங்குது. காத்தெண்டு சொல்லிப் பாலத்தைப் பூட்டுவாங்களோ?”

பிள்ளை என்றது அவளுடைய தம்பியின் மகளை. ஆறு வயது. பல மாத அலைச்சலுக்குப் பிறகு விசா கிடைத்து, விமானப் பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பிலிருந்து வருகிறாள். அவளைப் பொறுப்பேற்க விமான நிலையத்தில் நிற்கப்போவது, படத்தில் மட்டும் பார்த்த இந்த மாமி ஒருத்திதான். புயலில் கடல்பாலத்தை மூடிவிட்டால் மாமி இந்தக் கரையில், பிள்ளை அந்தக் கரையில்.

“பாலமோ? தங்கச்சி, இஞ்ச வந்து படத்தைப் பாரும்.” நித்தியானந்தன் சிவப்பால் ஒரு கோடு இழுத்தார். “தாழமுக்கம் ஜேர்மனிக்கை நிக்குது. வரட்டும். நல்லா உள்ளுக்கை வரட்டும். ஹம்பேர்க் தாண்டினதும் ஒரு திருப்பம். அப்பிடியே போல்டிக் கடலுக்கை போய் விழும்.”

“ஹம்பேர்க்கில எப்பிடித் திரும்பும்?” குணசேகரம் நீலத்தால் அந்தக் கோட்டை வெட்டினார். “இன்னும் வடக்க, கீல் மட்டுக்கும் வரும். கீலில வச்சுத்தான் திருப்பம். உமக்குப் படம் வாசிக்கத் தெரியாது.”

“எனக்கோ? போன வருசம் நீர் ஸ்நோ இல்லை எண்டு சொல்ல, நான் சம்மர் ரயரோட போய் மதிலில ஏறினது மறந்துபோச்சோ?”

“நீர் சொன்ன பெரிய ஸ்நோவுக்கு நான் வாங்கின ஸ்நோ அள்ளுற சவள், இன்னும் விலைச்சீட்டுக் கழட்டாமல் கராஜில நிக்குது!”

ஹம்பேர்க்கா, கீலா என்ற சண்டையில் தேநீர் ஆடை கட்டியது. செல்வமலர் பொறுமையாக நின்றாள்.

“எங்க திரும்பினா எனக்கென்ன? ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுங்கோ. புயல் இஞ்ச வருமோ, வராதோ?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பென்சில்கள் கீழே இறங்கின.

“வராது,” என்றார் நித்தியானந்தன்.

“வரவே வராது,” என்றார் குணசேகரம். “நாளைக்கு விடியத் தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வெளிக்கிடுவம்.”

“நிச்சயமாத்தானே?”

“எழுதித் தரட்டோ?” என்று சிரித்தார் நித்தியானந்தன்.

“வேண்டாம் அண்ணை. இவ்வளவும் போதும்.”

அவள் உள்ளே போய், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் இருக்கும் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தாள். “தபிதா, நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன். இண்டைக்கு உங்கட வீட்டிலதான் படுக்கை. விடிஞ்சா எயாப்போட் பக்கத்திலதானே.”

குளிர்ச் சட்டை, போர்வை, பிளாஸ்க், பிள்ளைக்கு வாங்கிய சின்னச் சப்பாத்து எல்லாம் காருக்குள் ஏறின. கடைசியாகக் கராஜுக்குள் போய், விலைச்சீட்டுத் தொங்கும் சவளையும் எடுத்து வந்தாள்.

சத்தம் கேட்டு இருவரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். வெளியே ஒரு துளி பனியும் இல்லை.

“இஞ்சரும், உமக்கு விசரே? வராது எண்டு ரெண்டு பேரும் சொல்லுறம்!”

“ஓம். ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னதாலதான் இப்பவே போறன்.”

“விடும் குணம்,” என்றார் நித்தியானந்தன், காதில் செருகிய சிவப்புப் பென்சிலோடு. “பொம்பிளையளுக்கு வரைபடம் விளங்காது.”

செல்வமலர் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“உண்மைதான் அண்ணை, எனக்கு விளங்காது. தை மாசமும் விளங்கேல்லை. இதே மேசை, இதே பென்சில். அப்ப விரிச்சு வச்சிருந்தது வன்னி வரைபடம். ‘ஆமி வரட்டும், நல்லா உள்ளுக்கை வரட்டும், பிறகு பாருங்கோ திருப்பத்தை’ எண்டு ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னியள்.”

அவள் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

“அதை நம்பித்தான், வன்னியை விட்டுக் குடும்பத்தோட வெளிக்கிட நிண்ட தம்பிக்குப் போன் எடுத்து, ‘அவசரப்படாதை, அங்கேயே இரு’ எண்டு மறிச்சனான். அதுதான் நாளைக்குப் பிள்ளை தனிய வருது.”