பாட்டுப்பெட்டிக்குப் புளிக்குளியல்

"ஏக்கா, இம்புட்டு நாளாகியும் வாடை போகலையே! இது பாட்டுப் பெட்டியா, சுருட்டுப் பெட்டியா?"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி. கூடத்து மேசையில் பித்தளைக் குழாயை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தக் கிராமபோன். குழாயின் உள்பக்கம் முழுவதும் பழுப்புக் கறை.

"துரை வீட்டுச் சாமான்டி. காலையில வாயில வச்ச சுருட்டை ராத்திரி படுக்கும்போதுதான் எடுப்பானாம் அந்தத் துரை. சீமைக்குப் போகையில ஏலத்துல விட்டுட்டான். இவரு தூக்கிட்டு வந்துட்டாரு" என்றாள் இன்னாசியம்மாள்.

"வண்டியில ஏத்திட்டு வந்ததே எங்க வீட்டு ஆளுதானே! பக்கத்துலயே இன்னொரு பெட்டி, வாடையே இல்லாம பளபளன்னு நின்னுச்சாம். வாத்தியாரு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலையாம்."

"அதுக்குக் குழாய் சின்னதுன்னாரு."

இன்னாசியம்மாளின் கவலை பெட்டியைப் பற்றியதல்ல, புருஷனைப் பற்றியது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் லூர்துராஜ், பல் விளக்கும் முன்பே சுருட்டுப் பற்றவைக்கிற ஆசாமி. ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் பிறந்ததும், அது முடியும் வரைக்கும் சுருட்டுப் பிடிப்பதில்லை என்று கோயிலில் நேர்ந்துகொள்வார். இரண்டாவது வாரமே கொல்லைப்புறத்திலிருந்து புகை கிளம்பிவிடும்.

இந்த வருஷம் சாமியார் முன்னால், ஊரே கேட்கும்படி சத்தமாக நேர்ந்துகொண்டார். திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் யேசுதாஸ், கோயில் வாசலிலேயே தன் கொம்பு மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னான்: "மாப்ள மட்டும் ஈஸ்டர் வரைக்கும் தாங்கிட்டாருன்னா, இதை வழிச்சுக்கிட்டுப் பூசைக்கு வாரேன்!"

மீசையில்லாத அண்ணனைப் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள் இன்னாசியம்மாள். அதிசயம், லூர்துராஜும் தாங்கிவிட்டார்! ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறும் வந்து போய்விட்டது. இன்னும் சில நாள்தான். ஆனால் நேர்ந்துகொண்ட அதே வாரம் இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்து நுழைந்துவிட்டதே! கூடத்தில் நாளெல்லாம் சுருட்டு வாடை அடித்தால், எந்த மனுஷனுக்குத்தான் மனசு வழுக்காது?

"பாவம்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழாய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்துடறாரு. கேட்டா, விரிசல் இருக்கான்னு பார்க்கிறாராம்."

"பாட்டுப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது!"

"தபசு காலத்துல பாட்டு வைக்கலாமாடி? ஈஸ்டர் அன்னைக்குத்தான் சாவி கொடுக்கணும்."

"அப்பத் தேய்ச்சுக் கழுவ வேண்டியதுதானே?"

"தொட விட்டாத்தானே! புளி பட்டா பித்தளையோட குரலே மாறிப் போகுமாம்." இன்னாசியம்மாள் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு அவரு ஊர்ல இல்ல. திண்டுக்கல்லுல ஒரு சாவு, துட்டி கேக்கப் போயிருக்காரு. நாளைச் சாயங்காலம்தான் வருவாரு. முந்தானையை இழுத்துச் சொருகுடி!"

குழாயைக் கழற்றிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். கஷாயம் கஷாயமாக வடிந்தது. இசைத்தட்டு சுழலும் இடத்தில் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளியை உரித்தெடுத்துப் பூந்திக்காய்த் தண்ணீரில் அலசினார்கள். மரப்பெட்டியைப் புளித்த காடியில் நனைத்த துணியால் துடைத்து, பங்குனி வெயிலில் காயவைத்து, அதன் வயிற்றுக்குள் அடுப்புக்கரியை அடைத்தார்கள். அப்படியும் மூலையில் லேசாக ஒரு நெடி.

"துரை இன்னும் உள்ளதான் இருக்காரு அக்கா. உங்க கோயில் தீர்த்தத்தைத் தெளிச்சுப் பாரு!"

"வாயை மூடிக்கிட்டு அந்த வெட்டிவேரை எடுடி."

வெட்டிவேருக்குப் பிறகு காப்பிப்பொடி, காப்பிப்பொடிக்குப் பிறகு மறுபடியும் வெயில். மறுநாள் மத்தியானம்தான் துரை ஒரு வழியாகப் பெட்டியை விட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் லூர்துராஜ் வந்தார். கால்கூடக் கழுவவில்லை. நேரே கூடத்துக்குப் போனவர், தங்கமாக மின்னிய குழாயைக் கண்டு அப்படியே நின்றார். பிறகு ஓடிப்போய் அதற்குள் தலையை விட்டார். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் இழுத்தார். தலையை வெளியே எடுத்து, பெட்டிக்குள் மூக்கை நுழைத்தார். கம்பளித் துணியை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டார்.

"கொஞ்சங்கூட இல்லையா?" என்றார்.

"பொட்டுக்கூட இல்லீங்க!" என்றாள் இன்னாசியம்மாள் பூரிப்போடு.

லூர்துராஜின் கண்கள் கலங்கிவிட்டன.

"ஆனந்தக் கண்ணீரு அக்கா!" என்றாள் செல்லக்கிளி கதவோரத்திலிருந்து.

அவர் திரும்பிப்போய்ச் செருப்பை மாட்டினார்.

"வந்ததும் வராததுமா எங்க கிளம்பிட்டீங்க?"

"பெட்டிக்கடைக்கு."

"ஐயையோ! எதுக்கு?"

"சுருட்டுப் பிடிக்க மாட்டேன்னுதான்டி நேர்ந்துக்கிட்டேன், மோந்து பார்க்க மாட்டேன்னா நேர்ந்தேன்?" வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னார் லூர்துராஜ். "அது பாடுமா பாடாதான்னு கேக்காம, வாடைக்காகவே ஏலத்துல எடுத்தேன். தினம் அதை இழுத்து இழுத்துத்தான் இம்புட்டு நாளும் ஓட்டினேன். உங்க அண்ணனை மீசைக்கு நல்லா எண்ணெய் போட்டு வளர்க்கச் சொல்லு, போ!"