பக்கத்து வீட்டு ரத்தக்காட்டேரி

"ரத்தக்காட்டேரிப் படம்னா பயமா இருக்கணும்ல? அந்தப் பையன் ஏன் பயப்படல?"

கேட்டுக்கொண்டே விமர்சகர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அவருக்குப் பத்திரிகை வட்டாரத்தில் 'ஒன்றரை ஸ்டார்' என்று பெயர். எந்தப் படத்துக்கும் அதற்கு மேல் கொடுத்துப் பழக்கமில்லை. எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்தும் பழக்கமில்லை. அதிலும் வெளிநாட்டுப் படம் என்றால் எழுத்து ஓடி முடிவதற்குள் கண் சொக்கிவிடும்.

அதனால் ஆபீசிலிருந்து வரும் படங்களை ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற மகள்தான் பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் கதையைச் சொல்வாள். மனைவிக்கு வெளியூரில் வேலை என்பதால் குறுக்கே பேசவும் ஆளில்லை. அவர் செல்போனை நோண்டியபடி 'ம்' கொட்டுவார். அப்புறம் நாலு பெரிய வார்த்தைகளைத் தூவினால் விமர்சனம் தயார்.

இந்த முறை விஷயம் கொஞ்சம் பெரிசு. படத்தை எடுத்த டைரக்டரே ஊருக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு மேடையில் உட்காரப் போவது நம்மவர்தான். இதில் சொதப்பினால் இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் காற்றில் போய்விடும்.

"பயப்படாம என்னப்பா? கடிக்கிறதுக்காவது ஒருத்தி பக்கத்துல வராளேன்னு இருக்கான்," என்றாள் மகள்.

"ம். நல்லாருக்கு." போனிலேயே குறித்துக்கொண்டார்.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுத்துணைக்கு ஒருவர்கூட இல்லையாம். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த காட்டேரிப் பெண் வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே வருவாளாம். இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார்களாம். மகள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

மகள் சற்று யோசித்தாள்.

"அப்பா இருக்காரு. எதைச் சொன்னாலும் 'ம்'பாரு. ஒரு நாள் பையன், 'பக்கத்து வீட்ல ரத்தக்காட்டேரி வந்திருக்குப்பா'ன்னு சொல்றான். 'ம், நல்லா படிக்கிற பொண்ணா?'ன்னு கேக்கறாரு."

விமர்சகருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"பையன் கழுத்துல கடிச்ச காயத்தக்கூடவா அந்த ஆள் பாக்கல?"

"நிமிந்தாத்தானேப்பா பாக்கறதுக்கு."

"ம்," என்றார் அவர், போனைத் தேய்த்தபடி.

வெள்ளிக்கிழமை விமர்சனம் வந்தது. காட்டேரியை இரண்டே வரியில் மன்னித்துவிட்டு, மிச்ச இடம் முழுக்க அந்தத் தகப்பனைத் தோலுரித்துத் தொங்கவிட்டிருந்தார். 'காட்டேரி குடித்தது ரத்தத்தை. இந்த மனிதர் குடித்தது ஒரு குழந்தையின் பேச்சை. இவரைப் போன்றவர்களை நடுச்சந்தியில் நிறுத்த வேண்டாமா?' என்று முடித்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு ஸ்டார் வேறு. பாராட்டு குவிந்தது. மகளுக்கு அதைப் படித்துக் காட்டவும் செய்தார். அவள் முழுசாகக் கேட்டாள்.

ஞாயிறு காலை சாப்பிட உட்காரும்போது எடிட்டரின் போன் வந்தது. குரலில் சுருதி சரியில்லை.

"சார், டைரக்டர் உங்க விமர்சனத்த மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாராம். சாயங்காலம் மேடையில முதல் கேள்வியே உங்களுக்குத்தானாம்."

"என்னவாம்?"

"படத்துல முதல் காட்சியே அந்தப் பையனோட அப்பா செத்துப்போறதுதானாம். நீங்க எழுதின அப்பா யாருன்னு கேக்கறாரு."

விமர்சகர் போனைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்தார். அவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"படத்துல அப்பா முதல் காட்சியிலயே செத்துடறாராமே. அப்ப நீ சொன்ன அந்த அப்பா யாரும்மா?"

மகள் நிமிரவில்லை.

"ம்," என்றாள்.