அழகம்மா பேரில் ஒரு கல்

தெல்தோட்டைக் கடைக்காரர் வீரசிங்கம் மூச்சிரைக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்தார்.

“அழகம்மாக்கா, ஒங்க மக சுந்தரியோட கூட்டாளிப் புள்ள கடைக்கு போன் எடுத்துச்சு. கல்லுக்குப் பேர் வச்சாச்சுன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னுச்சு. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு.”

கருமாதியில்தானே செத்தவர் பேரைச் சொல்லிக் கல் வைப்பார்கள்! அமெரிக்காவில் தன்னந்தனியாக இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆனதோ? அழகம்மா அவிழ்ந்த கொண்டையைக்கூட முடியாமல் கடைக்கு ஓடினாள்.

அவள் போய் நிற்கவும் மறுபடி மணி அடித்தது. பாய்ந்து ரிசீவரை எடுத்தாள்.

“அம்மா!” சுந்தரியின் குரலேதான்.

“உசுரோட இருக்கியாடி? அப்போ கல்லு யாருக்கு?”

“ஒனக்குத்தாம்மா.”

“எனக்கா? நான் இன்னும் சாகலையேடி!”

“வானத்துல சூரியனைச் சுத்துற கல்லும்மா, ஒரு குட்டிக் கிரகம். இங்க ஆராய்ச்சியில நான்தான் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்சவங்க தங்க பேரையே வச்சுக்கிறது வழக்கமில்ல. அதான் ‘அழகம்மா’ன்னு ஒன் பேரைக் கொடுத்தேன்.”

அழகம்மா கடை வாசல் வழியே அண்ணாந்து பார்த்தாள்.

“அது விழுந்துறாதுல்லடி? கீழ மலையில நம்ம சனந்தானே கொழுந்து எடுக்குது!”