ஓட்டைக் கணக்கு

"பச்சத்தண்ணிக்குக் கணக்கு பார்த்து ஓட்டை போட்டிருக்கீங்க! உள்ள இருக்கறது கொதிக்கிற தண்ணி. ஓட்டையைத் தாண்டறப்பவே கொஞ்சம் ஆவியாகி, உப்பி, வழியை அடைச்சுக்கும்!" பக்கத்துச் சலவைக்கூடத்தில் வெந்நீர்த் தொட்டியின் வடிகுழாயைக் காட்டி முதலாளி மகள் கத்துகிறாள். "கட்டிக்கப்போறவன்கிட்ட பேசற பேச்சா இது?" என்கிறார் இன்ஜினியர் மாப்பிள்ளை. என் வீட்டு ஜன்னலோரம் நான் சும்மாதான் நிற்கிறேன். வடிகுழாயில் வெள்ளை ஆவி சீறுகிறது. வேகமாக வெளியேறி அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய தண்ணீரோ நூலாக ஒழுகுகிறது. தொட்டி வெடித்தால் கூரை என் வாசலில்தான் விழும். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அடுப்பை அணைக்கப் போகிறவளை அவர் மறிக்கிறார்: "என் கணக்கு தப்பாது." அவரை இடித்துத் தள்ளி அணைக்கிறாள். முள் நடுங்கி, இறங்குகிறது. மாப்பிள்ளை அந்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார். அவள் ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். "தப்புன்னா பிரிச்சுத் தைக்கிற மனுஷன், அக்கா" என்றாள் என்னிடம்.