சூட்டுத்துணி

"மாசாமாசம் வர்றதுதானேடி, இதுக்குப் போய் இந்தப் பாடு படுத்துறியே" என்கிறாள் அண்ணி, நான்காக மடித்த துணியை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியபடி. சலவைக்கடையின் இந்த அறையில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் மாதவிடாய் வலிக்கு அந்தச் சூட்டுத்துணியை அடிவயிற்றில் வைப்பதுதான் வைத்தியம். நாத்தனார் மேசையடியில், துவைக்க வந்த போர்வை மூட்டையின்மேல் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கிடக்கிறாள். "எப்பவும் ரெண்டாம் நாள் விட்டுடும் அண்ணி. இன்னிக்கு அஞ்சாம் நாள். வலதுபக்கம் மட்டும் யாரோ பிடிச்சுத் திருகுற மாதிரி இருக்கு." "உங்கண்ணன் தலைவலின்னாலே ஊரைக் கூட்டுவாரு. நீ அவரு தங்கச்சிதானே" என்று சிரித்துக்கொண்டே அண்ணி குனிகிறாள். ஜன்னல் வெயில் நீராவியில் கலங்கிப் பால்போல் நிற்கிறது. தொங்கும் வெள்ளைச் சட்டைகள் காற்றில்லாமலே லேசாக அசைகின்றன. நாத்தனார் வயிற்றில் முன்பே வைத்து ஆறிப்போன துணியை அண்ணி எடுக்கிறாள். அதனடியில் வயிற்றுத்தோல் செக்கச்செவேலென்று கன்றி, ஓரத்தில் இரண்டு கொப்புளங்கள் மினுங்குகின்றன. அண்ணியின் சிரிப்பு நின்றுபோகிறது. பதினாறு வருடம் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அவளுடையது. அந்தக் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றியதைத்தான் காலையிலிருந்து மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். "சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி, பாவி?" "சுடுதா?" நாத்தனார் கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள். அவள் உதடு வெளுத்திருக்கிறது. அத்தனை புழுக்கத்திலும் நெற்றி சில்லிட்டிருக்கிறது. கையை நீட்டி, அண்ணியின் மணிக்கட்டைத் துழாவிப் பிடிக்கிறாள். "சூடே தெரியலையே அண்ணி. இன்னும் கொஞ்சம் நல்லாச் சூடு பண்ணிக் குடுங்களேன்."