காலிக் கட்டங்கள்

"மேடம், எங்கயும் டிக் போடலேன்னு அடுத்த பக்கத்துக்கே விட மாட்டேங்குது!"

குழந்தைகள் இல்லத்தின் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் முன்னால் அந்தக் கணவனும் மனைவியும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தத்தெடுப்பு விண்ணப்பத்தில் 'குழந்தை எப்படி இருக்க வேண்டும்?' என்று ஒரு கேள்வி. ஆண், பெண், ஒரு வயதுக்குள், உடல்குறை இல்லாதது என்று நான்கு கட்டங்கள். அடியில் சிவப்பு எழுத்தில், 'ஒன்றையாவது தேர்வு செய்யவும்.'

"ஏதாவது ஒண்ணுல போட்டுட்டுப் போங்களேன்மா," என்றார் நிர்வாகி.

"எந்தக் குழந்தையா இருந்தாலும் சரின்னுதான் வந்திருக்கோம். பொய்யா எப்படி மேடம் போடறது?"

நிர்வாகிக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, இந்த இணையதளத்தைச் செய்து கொடுத்த புரோகிராமர் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். ஞாயிறு தவறாமல் வந்து, ஒரு பைசா வாங்காமல் வேலை பார்க்கிற தங்கமான பிள்ளை. அவனுக்குக் கோயிலே கட்டலாம் என்பார் அவர்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் அந்தக் கட்டாயத்தை வெச்சேன். இப்பவே எடுத்துடறேன்," என்றான்.

"எடுத்துட்டா? அவசரத்துல நிரப்ப மறந்தவங்களை யாரு கூப்பிட்டுக் கேக்கறது? முன்னாடி அப்படி முப்பது பேருக்கு போன் போட்டு எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு தம்பி!"

"காலியா விட்டா, 'எந்தக் குழந்தையானாலும் சம்மதமா?'ன்னு ஒரு தடவை கேக்கும். ஆமான்னா ஏத்துக்கும்." சொல்லும்போதே அவன் விரல்கள் தட்ட ஆரம்பித்துவிட்டன.

பத்தே நிமிடத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு நன்றி சொன்னாள்.

"நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றான் அவன்.

அவர்கள் போனதும் நிர்வாகி சிரித்தார். "வேலை பார்த்தது நீ. அவங்களுக்கு எதுக்குப்பா நன்றி? ஆனா ஒண்ணு, இப்படிக் காலியா கொடுக்கறவங்க லட்சத்துல ஒருத்தர்தான். நான் வந்த ரெண்டு வருஷத்துல இவங்கதான் முதல்."

"முன்னாடியும் ஒருத்தங்க கொடுத்திருக்காங்க மேடம். காகிதத்துல. இருபது வருஷம் ஆச்சு."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"அப்ப எனக்கு ஒன்பது வயசு, ஒரு காது கேக்காது. இதே இல்லத்துலதான் இருந்தேன். அந்தக் காகிதத்தைக் கொடுத்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போனவங்கதான் எங்கம்மா."